வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் வழி

கனடாவிலோ அமெரிக்காவிலோ அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறீர்கள். இந்த முறை சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். சம்பளப் பேச்சை மூத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வகுப்பு அளவு மட்டும் உங்கள் தலையில். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பளத்தைவிட இது சிக்கலான விஷயம். சம்பளம் 3 சதவீதம் கூடும் என்றால் கூடும், அதில் விளையாட அதிக இடமில்லை. வகுப்பு அளவில் அப்படி இல்லை: ஒப்பந்தத்தில் 30 என்று இருக்கும், செப்டம்பரில் போய் எண்ணினால் 36 பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒப்பந்தத்தை நாங்கள் மீறவில்லையே என்று நிர்வாகம் சொல்லும், எடுத்துப் படித்தால் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். எண்ணைக் குறைக்கச் சண்டை போட ஆள் நிறைய உண்டு. அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் இருக்கிற வாக்கியங்களைப் படிப்பவர்கள்தான் குறைவு.

முதலில், இதைப் பேச உங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

இது ஊருக்கு ஊர் மாறும், அதனால் ஊகிக்காதீர்கள். கலிபோர்னியாவில் வகுப்பு அளவு பேரத்துக்கு உரிய விஷயம் என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது, நிர்வாகம் பேச மறுக்க முடியாது. விஸ்கான்சினில் 2011க்குப் பிறகு அடிப்படைச் சம்பளத்தைத் தவிர வேறு எதையும் பேரம் பேச முடியாது, கதை அங்கேயே முடிந்தது. சிகாகோவின் நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. 1995இல் வந்த மாநிலச் சட்டத்தால் அந்த ஊர் ஆசிரியர்கள் வகுப்பு அளவைப் பேசியே ஆக வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் உரிமையை இழந்தார்கள். மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. அப்படியும் 2019இல் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்து வகுப்பு அளவுக்கென்று ஆண்டுக்கு 35 மில்லியன் டாலர் வரை ஒதுக்க வைத்தார்கள். அந்தச் சட்டப் பிரிவு 2021 ஏப்ரலில்தான் ரத்தானது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் நிர்வாகம் சம்மதித்தால் பேசலாம். சம்மதிக்க வைக்கும் பலம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கே 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாண அளவில் ஒரு பேச்சுவார்த்தை மேசை, ஒவ்வொரு போர்டுக்கும் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் வாரியம்) ஒரு மேசை என்று இரண்டு உண்டு. எந்த விஷயம் எந்த மேசைக்குப் போகிறது என்பதிலேயே பாதிச் சண்டை நடந்து முடிந்துவிடும்.

அப்புறம், எண்ணுங்கள்

பேச்சு தொடங்கும் முன் உங்கள் கையில் ஒரு அட்டவணை இருக்க வேண்டும். பள்ளி, வகுப்பு, பாடம், எத்தனை பிள்ளைகள், அவர்களில் சிறப்புக் கல்வித் திட்டம் உள்ளவர்கள் எத்தனை பேர், அறையில் எத்தனை மேசை, எந்தத் தேதியில் எண்ணியது. அவ்வளவுதான். இதை நிர்வாகத்திடம் கேட்டால் ஆசிரியர்-மாணவர் விகிதத்தைத்தான் கொடுப்பார்கள், அதை வாங்கி ஓரமாக வையுங்கள். அந்த விகிதத்தில் நூலகர், ஆலோசகர், நாலு பிள்ளைகளைத் தனியாக அழைத்துச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர் எல்லோரும் கலந்திருப்பார்கள். 18க்கு 1 என்று காகிதத்தில் அழகாக இருக்கும், 31 பேருக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சராசரியும் இதே வேலையைத்தான் செய்யும். ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆறு வகுப்புகள் என்று வையுங்கள். இரண்டு தொழிற்பட்டறை வகுப்புகளில் பாதுகாப்புக் காரணமாகத் தலா 12 பேர், மீதி நாலில் தலா 33 பேர். மொத்தம் 156, சராசரி 26. "எங்கள் சராசரி 26தான்" என்று நிர்வாகம் சொன்னால் அது பொய்யில்லை, ஆனால் 156 பிள்ளைகளில் 132 பேர் உட்கார்ந்திருப்பது 33 பேர் உள்ள அறையில். ஒன்ராறியோ அரசு 2019 மார்ச்சில் உயர்நிலைப் பள்ளிகளின் சராசரியை 22இலிருந்து 28ஆக உயர்த்தப் போவதாக அறிவித்தபோது ஆசிரியர்கள் அவ்வளவு கொதித்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். சராசரியில் ஆறு கூடினால் சாதாரணக் கணித வகுப்பில் ஆறோடு நிற்காது.

அதே அரசு அந்த ஆண்டு அக்டோபரில் இறங்கி வந்து 25 என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதிலுக்கு உள்ளூர் ஒப்பந்தங்களில் இருந்த உச்சவரம்புகளை எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது இந்த வகைப் பாடத்துக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று போர்டு போர்டாக இத்தனை ஆண்டுகள் எழுதி வாங்கிய வரிகள் அத்தனையும் போகும், கையில் ஒரு சராசரி மட்டும் மிஞ்சும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சங்கம் மறுத்துவிட்டது. என்னைக் கேட்டால், எண்ணை மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2020 பிப்ரவரி 21 அன்று நாலு ஆசிரியர் சங்கங்களும் ஒரே நாளில் மாகாணம் முழுவதும் வெளிநடப்புச் செய்தன, கடைசியில் சராசரி 23 என்று முடிந்தது.

ஆகவே உங்கள் முன்மொழிவில் "சராசரி" என்ற சொல் வந்தால் அதற்குப் பக்கத்திலேயே "எந்த வகுப்பிலும் இத்தனைக்கு மேல் கூடாது" என்ற வரியும் வர வேண்டும். ஒன்ராறியோவின் 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கான விதி இதற்கு நல்ல மாதிரி: 90 சதவீத வகுப்புகளில் 20 பேரோ அதற்குக் கீழோ, மீதி எதிலும் 23ஐத் தாண்டக்கூடாது. நிர்வாகத்துக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்கும் ஒரு சுவர் இருக்கிறது.

ஓட்டைகளைத் தேடுங்கள்

பழைய ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு "தவிர", "இயன்றவரை", "நிதி நெருக்கடி ஏற்பட்டால்", "இடவசதியைப் பொறுத்து" போன்ற சொற்களின் அடியில் சிவப்புக் கோடு போடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் 1.5 என்று ஒரு உட்பிரிவு இருந்தது. மேலே வகுப்பு வாரியாக வரம்புகள் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். நிதி நிலைமையைக் காட்டி அந்த வரம்புகளை நிர்வாகம் தாண்டிக்கொள்ளலாம் என்று இந்த உட்பிரிவு சொல்லும். அந்த ஒரு பத்தி இருக்கும்வரை மேலே உள்ள எண்கள் வெறும் அலங்காரம். 2019 ஜனவரி 14 முதல் 22 வரை, ஆறு பள்ளி நாட்கள், 30,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் மழையில் நின்றார்கள். சம்பள உயர்வு 6 சதவீதம், அது வேலைநிறுத்தத்துக்கு முன்பே நிர்வாகம் கொடுக்கத் தயாராக இருந்த அளவுதான். உண்மையில் வென்றது 1.5ஐ நீக்கியதில்.

அந்த ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, குறைப்பைத் தவணையாக வாங்கியது. 4 முதல் 12ஆம் வகுப்பு வரை முதல் ஆண்டில் ஒரு பிள்ளை, இரண்டாம் ஆண்டில் இன்னொன்று, மூன்றாம் ஆண்டில் இரண்டு. மேல்வகுப்பு ஆங்கிலம், கணிதத்தில் மட்டும் 46 என்ற கொடுமையான வரம்பு உடனே 39ஆக இறங்கியது. மூன்று ஆண்டில் நாலு பிள்ளைகள்தானா என்று கேட்பவர்கள் இருந்தார்கள், இருப்பார்கள். ஆனால் தவணைக்கு ஒரு நியாயம் உண்டு. கலிபோர்னியா 1996இல் மழலையர் முதல் 3ஆம் வகுப்பு வரை 20 பேராகக் குறைக்கும் பள்ளிகளுக்குப் பணம் தருகிறோம் என்று மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் அவசரமாக இறங்கியது. நூலகமும் விளையாட்டு அறையும் வகுப்பறைகளாயின, சான்றிதழ் இல்லாதவர்களை வேலைக்கு எடுத்தார்கள், அனுபவமுள்ள ஆசிரியர்கள் வசதியான பகுதிகளில் புதிதாகத் திறந்த இடங்களுக்குப் போய்விட்டார்கள், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் புதியவர்கள் மிஞ்சினார்கள். உங்கள் போர்டில் காலி அறை எத்தனை இருக்கிறது என்று தெரியாமல் பெரிய எண்ணோடு மேசைக்குப் போகாதீர்கள்.

செலவுக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். 990 பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு 33 என்றால் 30 வகுப்பு, 30 என்றால் 33 வகுப்பு. மூன்று ஆசிரியர், மூன்று அறை. நிஜத்தில் பிள்ளைகள் இப்படிச் சமமாகப் பிரிய மாட்டார்கள், கொஞ்சம் கூடும். எதிர்த்தரப்பு சொல்லும் தொகை இதைவிட ரொம்பப் பெரிதாக இருந்தால் எப்படி வந்தது என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள்.

ஆய்வுகளை வைத்துப் பேசினால் அடக்கமாகப் பேசுங்கள். டென்னசியில் 1985 முதல் 1989 வரை 79 பள்ளிகளில், குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து நடத்திய ஸ்டார் ஆய்வுதான் எல்லோரும் காட்டும் சான்று. 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பில் படித்தவர்கள் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பில் படித்தவர்களைவிடத் தெளிவாக முன்னே வந்தார்கள், ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் அதிகம். ஆனால் அது மழலையர் முதல் 3ஆம் வகுப்பு வரையிலானது, குறைப்பும் பெரியது. 34ஐ 32 ஆக்குவதற்கு அதைக் காட்டினால் எதிரில் இருக்கும் வக்கீல் சிரிப்பார். அந்த இடத்தில் திருத்த வேண்டிய கட்டுரைகளின் எண்ணிக்கை, ஆய்வகத்தில் இருக்கிற அடுப்புகள், தீ விபத்து விதிகள் இவற்றைப் பேசுங்கள்.

மீறினால் என்ன?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வரி, பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போடும் களைப்பில் விட்டுப்போவதும் இதுதான். வரம்பு 22, வகுப்பில் 24 பேர். சரி, இப்போது என்ன நடக்கும்? ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் முறையீடு செய்து, நடுவரிடம் போய், அவர் தீர்ப்புச் சொல்வதற்குள் ஜூன் மாதம் வந்துவிடும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதற்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதத்துக்கு 180 நிமிடம், அந்த வகுப்பை மாதத்தில் எவ்வளவு பங்கு நீங்கள் நடத்துகிறீர்களோ அந்த விகிதத்தில். முழு நேரத் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இரண்டு பிள்ளைகள் கூடுதல் என்றால் மாதம் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம் அவருக்குக் கடன். அந்த நேரத்தைப் பாடத் தயாரிப்பு நேரமாக எடுத்துக்கொள்ளலாம், வகுப்பில் கூட நின்று நடத்த இன்னொரு ஆசிரியராகவும் வாங்கலாம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் தனி வரம்பு உண்டு, அது மீறினாலும் இதே கணக்கில் சேரும். இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்: 24 பேரில் ஏழு பேருக்குத் தனிக் கல்வித் திட்டம் இருக்கிற வகுப்பும் ஒருவருக்குக்கூட இல்லாத வகுப்பும் ஒரே அளவு கிடையாது.

இந்தச் சூத்திரத்திலும் குறை உண்டு. மாற்று ஆசிரியர் கிடைக்காத ஊரில் ஆறு மணி நேரத்தை எப்படி எடுப்பது? காகிதத்தில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் குறிப்பிட்ட தேதிக்குள் கொடுக்க முடியாவிட்டால் என்னவாக மாறும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவில் பல ஒப்பந்தங்களில் கூடுதல் பிள்ளைக்கு இத்தனை டாலர் என்று ஆசிரியரிடமே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. புது ஆசிரியரை எடுப்பதைவிட அது மலிவு என்று தெரிந்துவிட்டால் நிர்வாகம் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வகுப்பை நிரப்பும், நாளாக ஆக ஆசிரியரும் அந்தப் பணத்துக்குப் பழகிவிடுவார், அறையில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது, இதைப் பெற்றோர் கேட்டால் பதில் சொல்லவும் முடியாது. வேறு வழியே இல்லையென்றால் வாங்கலாம், ஆனால் தொகை நிர்வாகத்துக்கு வலிக்கிற அளவில் இருக்க வேண்டும்.

சிகாகோ வேறு பாதையில் போனது, இரு தரப்பும் உட்காரும் ஒரு கூட்டுக் குழு வழக்குகளைப் பார்த்துத் தீர்வு சொல்லும். முன்பிருந்த நிலைக்கு இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் ஒதுக்கிய பணம் தீர்ந்தால் பேச்சும் தீரும்.

சட்டசபை வந்து கையை வைத்தால்

பிரிட்டிஷ் கொலம்பியா கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1990களில் சங்கம் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வகுப்பு அளவு விதிகளை வாங்கியிருந்தது. 2002 ஜனவரியில் மாகாண அரசு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்து அந்த விதிகளை ஒப்பந்தத்திலிருந்து பிடுங்கியதோடு, இனிமேல் அவற்றைப் பேரம் பேசவும் கூடாது என்றது. சங்கம் நீதிமன்றம் போனது. 2011இல் நீதிபதி சூசன் கிரிஃபின், சங்கம் சேரும் சுதந்திரத்துக்கு இது எதிரானது என்று தீர்ப்புச் சொல்லி அரசுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தார். அரசு 2012இல் ஏறக்குறைய அதையே வேறு சட்டமாக மறுபடி போட்டது. 2014 ஜனவரியில் அவரே அதையும் செல்லாது என்று சொல்லி 20 லட்சம் டாலர் இழப்பீடும் விதித்தார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2016 நவம்பர் 10 அன்று கனடா உச்ச நீதிமன்றம் வாதம் கேட்ட அன்றே, இருக்கையில் இருந்தபடியே, 7க்கு 2 என்று சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

2002 செப்டம்பரில் மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2015 ஜூனில் பள்ளியையே முடித்துவிட்டது. வெற்றிதான், ஆனால் அந்தத் தலைமுறைக்கு ஒன்றும் இல்லை.

இதில் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு உள்ள பாடம் வேறு. 2017இல் பழைய விதிகள் திரும்ப உயிர் பெற்றபோது ஊருக்கு ஊர் 1990களில் எழுதிய அதே சொற்கள்தான் திரும்பின. எழுதியவர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், இந்தச் சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்று கேட்க ஆள் தேட வேண்டியிருந்தது. ஆகவே மேசையில் என்ன பேசினீர்கள், எந்த வாக்கியத்துக்கு இரு தரப்பும் என்ன பொருள் கொண்டீர்கள், எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கினீர்கள் என்ற குறிப்புகளைத் தேதி போட்டுச் சங்க அலுவலகத்தில் வையுங்கள். உங்கள் மடிக்கணினியில் மட்டும் வைக்காதீர்கள்.

பெற்றோர்

சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் என்றால் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள், வகுப்பு அளவுக்காக என்றால் கூட நிற்பார்கள். ஆனால் தானாக வரமாட்டார்கள். 2020இல் ஒன்ராறியோ அரசு வேலைநிறுத்த நாட்களில் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 60 டாலர் வரை கொடுத்தது, பெற்றோர் சங்கத்தின் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்றுதான். டொராண்டோ வட்டாரத்தில் தமிழர் அதிகம் இருக்கும் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வேலை செய்பவர்கள் துண்டறிக்கையைத் தமிழிலும் எழுதுங்கள், அதில் ஒப்பந்த மொழி வேண்டாம். "உங்கள் மகளின் ஒன்பதாம் வகுப்புக் கணித அறையில் 34 பேர், 30 மேசை" என்று எழுதினால் போதும். நம் ஆட்கள் பலர் 50 பேர் உள்ள வகுப்பில் படித்து வந்தவர்கள், "நாங்கள் படிக்கவில்லையா" என்று கேட்பார்கள். சண்டை போடாதீர்கள். அந்த வகுப்பில் பின்வரிசையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று திருப்பிக் கேளுங்கள், அப்புறம் பேச்சு நன்றாகவே போகும்.

கையெழுத்துக்குப் பிறகு

விதி ஒப்பந்தத்தின் உடலுக்குள் இருக்கிறதா, பின்னால் ஒட்டிய கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்துக்கு முடிவுத் தேதி இருக்கும், அடுத்த முறை அதைக் காப்பாற்றவே நீங்கள் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

எண்ணும் நாளையும் ஒப்பந்தத்திலேயே குறியுங்கள். நியூயார்க் நகரத்தில் முதல் பத்துப் பள்ளி நாட்கள் முடிந்ததும் வரம்பு மீறிய வகுப்புகள் மீது முறையீடு தொடங்கும். அங்கே ஒப்பந்தத்தில் மேல்நிலை வகுப்புக்கு 34 என்ற எண் பல பத்தாண்டுகளாக அசையாமல் இருந்தது, கடைசியில் 2022இல் மாநிலச் சட்டம்தான் அதை 25ஆகப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. மேசையில் நகராத எண் சட்டசபையில் நகரும் என்பதையும் மனதில் வையுங்கள். அந்தச் சட்டசபைதான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிடுங்கவும் செய்தது.

பள்ளிக்கு ஒரு பிரதிநிதி, முதல் வாரமே எல்லா வகுப்புப் பட்டியலையும் வாங்கித் தேதியோடு சேமிக்க வேண்டும். "அக்டோபரில் சரியாகிவிடும்" என்று பிரின்சிபல் சொல்வார், பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். தலையாட்டிவிட்டு, அன்றைக்கே மின்னஞ்சலில் எண்ணிக்கையை எழுதி அனுப்பிவிடுங்கள். முறையீட்டுக்குக் கெடு இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அது வாய்ப்பேச்சுக்காக நிற்காது. தயங்கும் ஆசிரியர்கள் இருப்பார்கள், முக்கியமாக வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், பிரின்சிபலோடு ஏன் மோத வேண்டும் என்று நினைப்பார்கள். அவர்கள் பெயரில் போடாமல் சங்கத்தின் பெயரில் முறையீடு போட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், அடுத்த பேச்சுவார்த்தைக்கு உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அதை முதல் வரியாக எழுதுங்கள்.